இஞ்சி போடாத பொட்டலம்

பிப்ரவரி 12

கடவுள் துணை.

என்னங்க,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததாக ஆபீஸ் போனில் மகளிடம் சொன்னீர்களாம். கட்டினவளிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை போலிருக்கிறது. போகட்டும். மலைக்கு மேலே சிக்னல் கிடையாது, இருக்கிற ஒரே போனிலும் கிளார்க் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அதனால் எழுதுகிறேன். வாராவாரம் உங்கள் மெஸ்ஸுக்குக் காய்கறி ஏற்றிப் போகிற லாரி டிரைவர் இந்தக் கடிதத்தையும் ஒரு பொட்டலத்தையும் கொண்டுவந்து தருவார்.

நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த மனுஷன், சுரங்கம் குடைகிற இடத்தில் முந்நூறு பேருக்குச் சமைக்கப் போயிருக்கிறீர்கள். அதைப் பற்றி இனிமேல் பேச மாட்டேன். பேச வேண்டியதெல்லாம் நீங்கள் கிளம்புகிற அன்றைக்கே பேசி முடித்தாகிவிட்டது, அக்கம்பக்கத்துக்குக் கேட்கிற மாதிரி.

பொட்டலத்தில் இருப்பது தூள். கொத்தமல்லியையும் புதினாவையும் நிழலில் உலர்த்தி, பூண்டையும் இஞ்சியையும் மெலிசாகச் சீவிக் காயவைத்து, மிளகு, சீரகம், எலுமிச்சைத் தோல் சேர்த்து இடித்தது. உப்பு ஒரு கல் கூடக் கிடையாது. அண்டாவில் உப்பு விழுவதற்கு முன்னால் உங்கள் பங்கைத் தனியாக எடுத்துவிட்டு, அதில் இதைத் தூவிச் சாப்பிடுங்கள். மாத்திரை ஒரு வேளையும் தவறக் கூடாது. உப்பைக் குறைக்கச் சொன்னவர் டாக்டர். குறைத்த இடத்தில் எதைப் போடுவது என்று அவர் சொல்லவில்லை. அதை நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து பார்க்கிறேன், தட்டில் நான் எதை வைத்தாலும் வாயில் வைத்துப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் கை உப்புக் கிண்ணத்துக்குப் போகும். ஊருக்கெல்லாம் ருசி சொல்கிறவருக்கு வீட்டுச் சாப்பாட்டை ருசி பார்க்கத் தோன்றியதில்லை. இப்போதாவது அந்தக் கையைக் கட்டிப்போடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி


பிப்ரவரி 21

என் கணக்குப்பிள்ளைக்கு,

பொட்டலம் வந்து சேர்ந்துச்சு. டிரைவர் அதை ரெண்டு கையால ஏந்திக்கிட்டு வந்தான். நீ போட்ட முடிச்சையும், முடிச்சு மேல சுத்தின நூலையும், நூல் மேல ஒட்டின காகிதத்தையும் பார்த்து உள்ளே தங்கம்னு நினைச்சிருக்கான். பிரிச்சா இலை தழை. ஆடு வளர்க்கப் போறீங்களா மாஸ்டர்னு கேட்டான்.

என்னோட ரெண்டாவது ஆள் நெட்டையன் இருக்கானே, அவன் மோந்து பார்த்துட்டு தும்மினான் பாரு, ஒரு குண்டான் மாவு வீணாப் போச்சு.

சாப்பிட்டேன். நீ சொன்ன மாதிரியே தனியா எடுத்து வெச்சு, தூளைத் தூவி. உண்மையைச் சொல்லணும்னா சுவத்தை நக்கின மாதிரி இருந்துச்சு. ஆனாலும் சாப்பிட்டேன். ஏன்னு எனக்கே தெரியலை.

நான் ஏன் இங்க வரணும்னு அன்னைக்குச் சண்டையில கேட்டே. அங்க கட்டில்ல உட்கார்ந்துக்கிட்டு, நீ மாத்திரை எடுத்துக் கொடுக்க, மக தண்ணி எடுத்துக் கொடுக்க, ரெண்டு பேரும் நான் முழுங்கறதையே பார்த்துக்கிட்டு நிக்க, நான் ஏற்கெனவே செத்துட்டேனோன்னு இருந்துச்சு. இங்க அண்டா முன்னாடி நின்னா மாஸ்டர். அவ்வளவுதான் சங்கதி.

இன்னொண்ணு. கிளம்பற அன்னைக்கு நீ வாசலுக்கு வரலை. தெருமுனை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

மாஸ்டர்


மார்ச் 3

கடவுள் துணை.

என்னங்க,

நான் வாசலுக்கு வரவில்லை. பூஜை அறையில் உட்கார்ந்திருந்தேன். வாசலுக்கு வந்திருந்தால் உங்கள் பெட்டியைப் பிடித்து இழுத்திருப்பேன். தெருவே வேடிக்கை பார்த்திருக்கும். இரண்டு பேருக்கும் மானம் போகக் கூடாது என்று சாமிக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். அவரிடமும் அன்றைக்கு நல்லபடியாகப் பேசவில்லை.

இரண்டாவது பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். இதில் பூண்டைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறேன். நூலகத்தில் இதயத்தைப் பற்றி இருக்கிற புத்தகங்களையெல்லாம் வரிசையாக எடுத்துப் படிக்கிறேன். நூலகர் அம்மா என்னை நர்ஸ் வேலைக்குப் படிப்பவள் என்று நினைத்துக்கொண்டு, பரீட்சை எப்போது என்று கேட்டாள். தினம் தினம்தான் என்றேன்.

பூண்டு ரத்தக் குழாய்க்கு நல்லது, கெட்ட கொழுப்பைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று போட்டிருக்கிறது. கொத்தமல்லி, இஞ்சி பற்றியும் இருக்கிறது. எல்லாவற்றிலும் ‘லாம்’ ‘லாம்’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள். குறைக்கலாம், உதவலாம், துணை செய்யலாம். அடித்துச் சொல்கிறவர் ஒருவரும் இல்லை. எனக்கு அந்த ‘லாம்’ போதும்.

காலையில் வெறும் வயிற்றில் பச்சைப் பூண்டு நாலு பல் நசுக்கிச் சாப்பிடுங்கள். வாய் நாறும் என்று பார்க்காதீர்கள். அங்கே யார் உங்கள் பக்கத்தில் வந்து நிற்கப் போகிறார்கள், நெட்டையனைத் தவிர.

உங்கள் வீட்டுக்காரி


மார்ச் 24

என் கணக்குப்பிள்ளைக்கு,

முதல்ல திட்டு வாங்கிக்கோ. மாசத்துக்கு ரெண்டு தடவை இங்க வர்ற டாக்டரம்மாகிட்ட பச்சைப் பூண்டு சங்கதியைச் சொன்னேன். ரத்தம் உறையாம இருக்க ஏற்கெனவே மாத்திரை சாப்பிடறீங்க, பூண்டும் அதே வேலையைக் கொஞ்சம் பண்ணும், ரெண்டும் சேர்ந்தா ரத்தக்கசிவுல கொண்டுபோய் விடும், சாப்பாட்டுல சேர்க்கிற அளவு போதும்னாங்க. உன் தூளை மோந்து பார்த்தாங்க. நெட்டையன் மாதிரி தும்மலை. இது மருந்து இல்லை, ஆனா உப்பைத் தள்ளி வைக்க இதைவிட நல்ல துணை கிடையாது, உங்க வீட்டம்மா கெட்டிக்காரின்னாங்க. திட்டையும் பாராட்டையும் சேர்த்து அனுப்பியிருக்கேன், கழிச்சுக் கூட்டிக் கணக்குப் பார்த்துக்கோ.

இப்ப நான் எழுதப் போறதைப் படிச்சுட்டு சிரிக்காதே.

போன வாரம் மதியம், வழக்கம்போல தனியா எடுத்து வெச்ச அவிச்ச காயில உன் தூளைப் போட்டு வாயில வெச்சேன். திடீர்னு கேரட் இனிச்சுது. கேரட்டோட இனிப்பு எனக்குத் தெரியாதா? இவ்வளவு வருஷமா மூட்டை மூட்டையா நறுக்கினவன். ஆனா இது வேற. அதுக்குப் பின்னால கொத்தமல்லி வந்துச்சு, அப்புறம் எலுமிச்சைத் தோலோட லேசான கசப்பு, கடைசியா மிளகு. ஒண்ணு பின்னால ஒண்ணா, வரிசையில நின்னு வந்த மாதிரி.

கையில தட்டை வெச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டேன். இத்தனை வருஷமா நீ ஆக்கிப் போட்டதுல இதெல்லாம் இருந்திருக்கு. நான்தான் மேல உப்பைக் கொட்டி மூடியிருக்கேன்.

கால் வீக்கம் வடிஞ்சிருக்கு. படுத்தா மூச்சு நிம்மதியா வருது. இதை உன்கிட்டதான் முதல்ல சொல்றேன்.

இங்க சாப்பாட்டு மேசையில ஆளுங்க ஏதோ முணுமுணுக்கறாங்க. வெயில் ஆரம்பிச்சாலே இவனுங்களுக்கு வாய் நீளும்.

மாஸ்டர்


ஏப்ரல் 2

கடவுள் துணை.

என்னங்க,

பூண்டு விஷயத்தில் தப்பு என்னுடையது. டாக்டரம்மாவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். புத்தகத்தில் அந்தப் பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலேயே அது எழுதியிருந்தது. எனக்கு வேண்டியது கிடைத்தவுடன் மூடி வைத்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் படித்தேன். மகள் எதற்கு அழுகிறாய் என்றாள். வெங்காயம் என்றேன். அன்றைக்கு வெங்காயமே நறுக்கவில்லை என்று அவளுக்கும் தெரியும்.

ஆனால் கடைசி வரி மனசில் இடறுகிறது. ஆட்கள் எதற்கு முணுமுணுக்கிறார்கள்? உங்கள் நாக்கு உப்பை மறந்து கூர்மையாகிவிட்டது. இப்போது ஒரு சிட்டிகையே உங்களுக்குப் போதும் என்று தோன்றும். வெயிலில் கல் உடைக்கிறவர்களுக்கு அது போதுமா? அவர்களுடைய உப்பையும் நீங்கள் குறைக்கிறீர்களோ என்று தோன்றுகிறது. நாக்கை நம்பாமல் தராசில் நிறுத்துப் போடுங்களேன். இவ்வளவு காய்க்கு இவ்வளவு என்று பழைய அளவைச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டால் தீர்ந்தது. நான் வீட்டில் எல்லாவற்றையும் அளந்துதானே செய்கிறேன், என்ன குறைந்துவிட்டது?

உங்கள் வீட்டுக்காரி


ஏப்ரல் 16

என் கணக்குப்பிள்ளைக்கு,

நீ சொன்னது சரிதான். ரொம்ப நாளா அண்டா முழுக்க உப்பு கம்மியா விழுந்திருக்கு. எனக்கு அது கரிச்சுது, அவங்களுக்குச் சப்புன்னு இருந்திருக்கு. சட்டைப்பையில காகிதத்துல உப்பு மடிச்சுக் கொண்டுவந்து, எனக்குத் தெரியாம தட்டுல போட்டுக்கிட்டிருந்தாங்க. மேஸ்திரி ஒருநாள் எல்லார் முன்னாடியும், மாஸ்டர், இது ஆஸ்பத்திரியா மெஸ்ஸான்னு கேட்டார். எல்லாரும் சிரிச்சாங்க. நெட்டையன் மட்டும் சிரிக்கலை. அதுதான் ரொம்ப வலிச்சுது.

தராசு வெச்சுப் பார்த்தேன். நீ கோவிச்சுக்காதே, வீட்டுல நாலு பேருக்கு அளக்கிறது வேற. ஒரு நாள் தக்காளி புளிக்கும், ஒரு நாள் புளிக்காது. ஒரு மூட்டைப் பருப்பு உப்பைக் குடிக்கும், இன்னொரு மூட்டை குடிக்காது. அதையெல்லாம் நாக்குதான் சொல்லணும். கரண்டியை உள்ளங்கையில தட்டி, நக்கிப் பார்த்து, ஹூம்னு ஒரு தலையாட்டல். அந்தத் தலையாட்டலுக்காகத்தான் சமையக்கட்டு மொத்தமும் காத்துக்கிட்டு நிக்கும். தராசுக்கு யார் காத்து நிப்பாங்க?

எப்படியோ சமாளிச்சுட்டேன். இப்ப யாரும் ஒண்ணும் சொல்றதில்லை. நான் உன் தூள்தான் சாப்பிடறேன். இந்தத் தடவை இஞ்சி மணம் தூக்கலா இருக்கு, நல்லாருக்கு. கவலைப்படாதே.

மாஸ்டர்


ஏப்ரல் 27

என்னங்க,

போன பொட்டலத்தில் நான் இஞ்சி போடவில்லை. கடையில் வந்த இஞ்சியெல்லாம் அழுகலாக இருந்ததால் அந்தத் தடவை இஞ்சி இல்லாமலே இடித்தேன். இதை எழுத மறந்துபோய் அனுப்பிவிட்டேன்.

நீங்கள் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

உப்புக்குத் திரும்பிவிட்டீர்கள் என்று தெரிகிறது. எத்தனை நாளாக என்று சொல்லுங்கள். கால் எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள். பொய் சொல்லாமல் சொல்லுங்கள். நீங்கள் எனக்கு என்னவெல்லாமோ செய்திருக்கிறீர்கள், பொய் சொன்னதில்லை. இந்த வயசில் அதையும் புதிதாகப் பழக வேண்டுமா?

மேலே சாமி பெயர் எழுதாமல் ஆரம்பித்துவிட்டேன். இப்போதுதான் கவனித்தேன். இருக்கட்டும்.


மே 7

என் கணக்குப்பிள்ளைக்கு,

பிரிக்கலை. அதுதான் உண்மை. அலமாரியில மூணு பொட்டலம் நீ கட்டின கட்டோட இருக்கு. தூக்கிப் போட மனசு வரலை.

மேஸ்திரி சிரிச்ச அன்னைக்கே ஆரம்பிச்சுட்டேன். ஆளுங்க தட்டுல இருக்கிறதையே சாப்பிட்டேன். முதல்ல கடல் தண்ணி மாதிரி கரிச்சுது. பிடிவாதமா முழுங்கினேன். கொஞ்ச நாள்ல நாக்கு பழையபடி மரத்துப் போச்சு. அண்டாவுல உப்பு சரியா விழுந்துச்சு. மேஸ்திரி இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நெட்டையன் திரும்பவும் நான் தலையாட்டறதுக்காகக் காத்து நின்னான். அன்னைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை உனக்கு எப்படிச் சொல்றது?

கால் வீங்கியிருக்கு. செருப்பு நுழையலை. ரெண்டு தலகாணி வெச்சுச் சாய்ஞ்சுதான் தூங்கறேன். டாக்டரம்மா வந்தப்போ காய்கறி இறக்கப் போயிட்டேன்னு சொல்லச் சொல்லிட்டேன்.

நீ கோவப்படுவே. எனக்கு வேற என்ன தெரியும், சொல்லு. கணக்குத் தெரியாது, நாலு பேர் மத்தியில பேசத் தெரியாது, மகளோட பள்ளிக்கூடத்துப் பேரே நீ சொல்லித்தான் தெரியும். இந்த நாக்கு ஒண்ணுதான் என்னை மனுஷனா வெச்சிருந்துச்சு. நெஞ்சைக் காப்பாத்தணும்னா அதைக் கழட்டி வெச்சுடணும்னா, யாருக்காகக் காப்பாத்தறது?

இதுக்கு நீ பதில் எழுதலைன்னாலும் பரவாயில்லை.

மாஸ்டர்


மே 15

கடவுள் துணை.

யாருக்காக என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்காக என்று எழுதினேன். அடித்துவிட்டேன். மகளுக்காக என்று எழுதினேன். அதையும் அடித்தேன். உங்களிடம் கேட்டு வாங்குகிற விஷயமா அது?

இத்தனை நாளும் உங்கள் நெஞ்சு ஒன்றுதான் ஆபத்தில் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். நாக்கும் அதே தராசில் இன்னொரு தட்டில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. இலையையும் பூண்டையும் இடித்துக்கொண்டிருந்தவள் அதை யோசித்திருக்க வேண்டும். கட்டினவன் சமையல்காரன் என்று தெரியாமலா கட்டிக்கொண்டேன்?

ஆனாலும் கேட்கிறேன். டாக்டரம்மாவைப் பாருங்கள். ஒளிய வேண்டாம். அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு அப்புறம் உப்பைத் தின்பதானால் தின்னுங்கள். நான் தடுக்க மாட்டேன். தெரிந்து செய்யுங்கள், அவ்வளவுதான்.

பொட்டலம் இந்த வாரமும் வரும். பிரிப்பதும் பிரிக்காததும் உங்கள் இஷ்டம். அனுப்பாமல் என்னால் இருக்க முடியவில்லை. இதில் இஞ்சி இருக்கிறது.


ஜூன் 2

என் கணக்குப்பிள்ளைக்கு,

ஆபீஸ் போன்ல விஷயத்தைச் சொல்லியிருப்பாங்க. அண்டா பக்கத்துலயே மூச்சு முட்டி விழுந்தேன். கொதிக்கிற அண்டா மேல விழாம நெட்டையன் பிடிச்சுட்டான். அவன் கை வெந்துபோச்சு. அதுக்கு ஏதாவது களிம்பு இருந்தா அனுப்பு.

கையெழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்கோ, படுத்துக்கிட்டே எழுதறேன். நெஞ்சு முன்னை மாதிரி ரத்தத்தைத் தள்ளலைன்னு டாக்டரம்மா சொன்னாங்க. மார்ச் மாசத்துல இருந்த மாதிரியே இருந்திருந்தா ரொம்ப நாள் ஓட்டியிருக்கலாமாம். இனிமே மாத்திரையும் ஓய்வும்தான். எவ்வளவு நாள்னு கேட்டேன். நீங்க ஊருக்குப் போய்ச் சேருங்கன்னு மட்டும் சொன்னாங்க. நல்லவங்க. பொய் சொல்லத் தெரியலை.

கரண்டியை நெட்டையன்கிட்ட கொடுத்துட்டேன்.

இந்தச் சிகிச்சை அறை மெஸ்ஸை ஒட்டித்தான் இருக்கு. படுத்திருந்தா ஜன்னல் வழியா சாப்பாட்டு மேசை தெரியும். விழுந்த மறுநாள், நான் சமைக்காத முதல் மதியம். ஆளுங்க வந்தாங்க, வரிசையில நின்னாங்க, தட்டை நீட்டினாங்க, உட்கார்ந்து சாப்பிட்டாங்க. ஒருத்தன் தலையைத் தூக்கி இன்னைக்கு யாரு சமையல்னு கேட்பான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். யாரும் கேட்கலை. மேஸ்திரி இன்னொரு கரண்டி வாங்கினார்.

நெட்டையன் ஒரு கிண்ணத்துல கொண்டுவந்து, உப்புப் பாருங்க மாஸ்டர்னான். ஒரு சொட்டு நாக்குல வெச்சேன். சரியா இருந்துச்சு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதைத்தான் என்னால தாங்க முடியலை.

அடுத்த லாரியில வரேன்.


ஜூன் 6

கடவுள் துணை.

என்னங்க,

மேல் ஏறிப் போகிற லாரியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அதே லாரி திரும்பி வரும்போது நீங்கள் ஏறி வர வேண்டும். டிரைவருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். பின்னால் காலிக் கூடைகளோடு காற்றாட வருகிறேன் என்று ஏறிவிடாதீர்கள். சாய்ந்துகொள்ள ஒரு திண்டு கொடுத்திருக்கிறேன். களிம்பு தனியாக இருக்கிறது, நெட்டையனுக்கு. புண்ணின் மேல் துணி ஒட்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நீங்கள் மாடிப்படி ஏற வேண்டாம். நானும் மகளும் கட்டிலைக் கீழே இறக்கி, தெருப்பக்கத்து அறையில் போட்டிருக்கிறோம். அந்த ஜன்னலில் வெயில் அதிகம் என்பதால் துணி கட்டியிருக்கிறேன். கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய டாக்டரம்மாவின் சீட்டை இங்கே ஆஸ்பத்திரியில் காட்டிப் பேசிவிட்டேன். நானும் எவ்வளவு நாள் என்று கேட்டேன். எனக்கும் அவர்கள் சொல்லவில்லை.

முன்பெல்லாம் சாமியிடம் வருஷக் கணக்கில் கேட்பேன். மகளுக்குப் பிள்ளை பிறந்து அது பள்ளிக்கூடம் போகும்வரை என்று பெரிய பட்டியலே வைத்திருந்தேன். இப்போது அந்தந்த வாரத்துக்கு மட்டும் கேட்கிறேன். வாரம் முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வாரத்துக்குக் கேட்பேன். கொஞ்சமாகக் கேட்டால் கொடுக்கிறவருக்கும் கையைக் கடிக்காது.

ஒன்றை உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்ல என்னால் முடியாது. அதனால் இதில் எழுதிவிடுகிறேன். நீங்கள் அந்தச் சமையக்கட்டை விட்டு வர வேண்டும் என்று விளக்கின் முன் உட்கார்ந்து தினமும் வேண்டியவள் நான்தான். கரண்டியைக் கொடுத்துவிட்டேன் என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்ததும் என் மனசு நிறைந்திருக்க வேண்டும். நிறையவில்லை. இரண்டு நாளாக அடுப்படியில் எதை எடுத்தாலும் தட்டித்தான் வைக்கிறேன். மகள் யார் மேல் கோபம் என்று கேட்கிறாள்.

அந்த முந்நூறு பேர் மேல்தான். உங்கள் கையால் அவ்வளவு நாள் தின்றவர்கள், ஒருவராவது தட்டிலிருந்து தலையைத் தூக்கி, மாஸ்டர் எங்கே என்று கேட்டிருக்க வேண்டாமா?

உங்கள் வீட்டுக்காரி